லோடரும் பொறுமையும் என் அக்காவும்

எங்கள் கல்குவாரிக்கு வரும் மெக்கானிக்குக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். வைத்துவிட்டு நானே தலையில் அடித்துக்கொள்வேன். கல்லை அள்ளி லாரியில் கொட்ட நான் ஓட்டும் லோடர் கிழடு. அது ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் எனக்கு உயிரே போய்விடும். இந்த மனுஷனோ பைக்கை நிறுத்தி, கண்ணாடியில் தலை சீவி, சட்டையை நீவிவிட்டுத்தான் டூல்ஸ் பையைத் திறப்பார். இன்ஜினைப் பிரிக்கப் போகிறவருக்கு எதற்கய்யா சீப்பு? சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம்கூட வரவில்லை என்று பதறுவேன். "பொறு, பொறு, பாத்துக்கலாம்" என்பார். ஃபில்டரைக் கழற்றுவார், துடைப்பார், திரும்ப மாட்டுவார். பாதி நாள் போய்விடும். ஆனால் கடைசியில் வண்டி உறுமும். கைராசிக்காரர், அதை மட்டும் மறுக்க மாட்டேன்.

நடுநடுவே எடைமேடை அறைக்குப் போய்த் தண்ணீர் கேட்பார். அங்கே லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு கொடுப்பவள் என் அக்கா. என்னை ஆளாக்குவதிலேயே தன் கல்யாண வயதைக் கடத்திவிட்டவள். அவரும் தனிக்கட்டை. வீட்டில் என்மேல் எரிந்து விழுகிறவள், அவருக்கு மட்டும் சொம்பு நிறையக் கொடுப்பாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மரமண்டை.

லோடர் அடிக்கடி நின்றதில் முதலாளி கொதித்துப்போனார். "இன்னொரு தடவை நின்னுச்சு, பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். லோடரே இல்லாம டிரைவர் எதுக்கு? நீயும் கெளம்பிடு!"

வீட்டுக்கு வந்து அக்காவிடம் புலம்பினேன். அவள் முகம் வெளிறிவிட்டது. "இனிமே நிக்காதுடா" என்றாள். இவள் என்ன ஜோசியக்காரியா என்று நினைத்தேன்.

மறு வாரமே நின்றது. இரும்புக்காரரின் லாரி வந்துவிட்டது. காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், மெக்கானிக் கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும் என்றார் முதலாளி.

பொறுமை வந்தார். நான் சொல்வதைக் காதிலேயே வாங்காமல், சிரித்த முகமாக நேரே பேட்டரிப் பெட்டியைத் திறந்து ஒரு வயரைத் தொட்டார். சிரிப்பு காணாமல் போயிற்று.

"டைட்டா இருக்கே!"

"ஏன் இருக்கக் கூடாது? ஸ்டார்ட்டர் நல்லாத்தாண்ணே சுத்துது, இன்ஜின்தான் பிடிக்க மாட்டேங்குது. அதைத்தானே அப்போலேருந்து கத்துறேன்!"

அவர் எடைமேடை ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து அக்கா, 'சத்தியமா நான் இல்லை' என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

அடிப்பாவி! இத்தனை நாளும் வயரைக் கழற்றிவிட்டது இவள். அது தெரிந்தே ஃபில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தது இவர். கூடப்பிறந்தவளே என் சோற்றில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம், ஏறி உக்காரு" என்றார் பொறுமை. அன்றுதான் அவர் கையின் வேகத்தைப் பார்த்தேன். டீசல் பைப்பில் மயிரிழை விரிசல், அதன் வழியே காற்று புகுந்து டீசலை மறித்திருந்தது. அந்த இடத்தை வெட்டி எறிந்து, ரப்பர் ஹோஸ் போட்டு இறுக்கி, உள்ளே புகுந்த காற்று வெளியேற ஒரு நட்டைத் தளர்த்தினார். அக்கா ஓடிவந்து டீசல் ஏற்றும் கைப்பம்பை அடித்தாள். நுரை நுரையாகக் கக்கிய டீசல், பிறகு சுத்தமாக வழிந்தது. அந்த நட்டை முடுக்கிவிட்டு, "இப்பப் போடு!" என்றார். சாவியைத் திருப்பினேன். இருமியது, கரும்புகை விட்டது, பிடித்துக்கொண்டது! நான் சீட்டிலேயே குதித்தேன்.

முதலாளி அசரவில்லை. "இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். இவன் ஓட்டுற லட்சணம் அப்படி. நீ எறங்கு."

"அவன் மேல தப்பில்ல முதலாளி" என்றாள் அக்கா. "நான்தான் பேட்டரி வயரைக் கழட்டி விடுவேன்."

"எதுக்கும்மா?"

அக்கா தலை குனியவில்லை. "வண்டி நின்னாத்தானே இவரு வர்றாரு."

குவாரியே வாயைப் பிளந்தது. "எனக்கு மொத நாளே தெரியும் முதலாளி" என்றார் பொறுமை.

"தெரிஞ்சுமா பாதி நாள் பிரிச்சு மாட்டுன?"

"ஒடனே சரியாயிட்டா, ஒடனே கெளம்பணுமே!"

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேரும் கல்யாணத்தைப் பண்ணித் தொலைங்க. என் லோடரை விட்டுடுங்க!" இரும்பு லாரி காலியாகத் திரும்பிப் போனது.

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் கோபமெல்லாம் பறந்துபோயிற்று. "வண்டியை ஆஃப் பண்ணட்டுமா மாமா?" என்று கேட்டேன். தானாகத்தான் வந்தது அந்த 'மாமா'. அவர் ஆயில் துணியால் கண்ணைத் துடைக்கப் போய், முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டு, அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.