வெள்ளையடித்த வெடிப்பு

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் குடியிருக்கும் வீடுதான் சீதனம். பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நான் ஒதுங்கியது பின்வளவில், வாவிப் பக்கமாக நின்ற நெல் போடும் அறைக்கு. என் அப்பா கட்டிய செங்கல் கட்டடம். மருமகன் வீட்டில் ஒரு நாளும் படுக்க மாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சுனாமி அன்று வாவி பொங்கி அந்த அறையின் மூலையில் அத்திவாரத்தை அரித்துவிட்டது. சுவர் கூரையிலிருந்து நிலம்வரை வெடித்தது. என் கை முழங்கைவரை உள்ளே போகும். பிறகு சண்டையும் மூண்டுவிட்டது, சீமெந்துக்கு எங்கே போவது. வெளியில் ஒரு தென்னங்குற்றியை முட்டுக்கொடுத்துவிட்டு இருந்தேன்.

சண்டை முடிந்தபின், சேதமான கட்டடங்களைப் பார்த்துக் கல்லும் சீமெந்தும் கட்டித்தர மேசனும் தர ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. கிடைக்காவிட்டால் நான் மருமகன் வீட்டுக்குள் போக வேண்டியதுதான். மகள் எனக்கென்று அறையும் கூட்டி வைத்துவிட்டாள்.

வெளியாட்கள் வருகிற நேரம் சுவர் அலங்கோலமாகக் கிடக்கலாமா. அவர்கள் வருவதற்கு முதல் நாளே களிமண் குழைத்து வெடிப்பை அடைத்தேன். மேலே சுண்ணாம்பு அடித்தேன். மிச்சமிருந்ததைத் தென்னங்குற்றிக்கும் அடித்தேன்.

சேதம் பார்க்க வந்தது ஒரு பெண்பிள்ளை. சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கட இடம் நல்ல வடிவு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேத்தண்ணி கொடுத்தேன். அவள் நீட்டிய கடுதாசியில் காட்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். எனக்கு வருகிற எழுத்து அவ்வளவுதான். அதில் ஒரு பிரதியை என்னிடம் விட்டுப் போனாள்.

மருமகனும் நானும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எங்களுக்கு அதுதான் மரியாதை. அவர் கடுதாசியை வாசித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"உன்ட அம்மாட்டச் சொல்லு, கட்டடத்துக்குச் சேதம் ஒண்டும் இல்லையாம்."

"சேதம் உள்ளுக்குக் கிடக்கெண்டு அவருக்குச் சொல்லு புள்ள."

"சுண்ணாம்பப் பூசி மறைச்சா ஆருக்குத் தெரியும் எண்டு கேளு."



கடுதாசி தந்த பிள்ளை அதற்குள் நாலு வளவு தாண்டியிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். "எங்கம்மா வெடிப்பு?" என்றாள். அகப்பைக் காம்பால் குத்தினேன். காயாத களிமண் பொத்தென்று விழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். நன்றாக நம்பட்டும் என்று குற்றியையும் கொஞ்சம் அசைத்துக் காட்டினேன்.

"மாமி, தள்ளி வாங்க" என்று மருமகன் கத்தினார். கலியாணத்துக்குப் பிறகு என்னிடம் அவர் நேரே சொன்ன முதல் வார்த்தை. தள்ளி வந்தேன். சுவர் மூலையோடு வெளியே சரிந்தது. புழுதி அடங்கியதும் அந்தப் பிள்ளை சேலையைத் தட்டிவிட்டு வேறு கடுதாசி எடுத்தாள்.

மகள் என் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் பறித்துக்கொண்டேன்.

"மூணு சுவர் நிக்குது புள்ள. எனக்குப் போதும்."

மருமகன் கூரைக்கு இரண்டு மரம் முட்டுக்கொடுத்து, திறந்த பக்கத்துக்குத் தென்னோலைக் கிடுகு கட்டினார். மேசன் வந்து கிடுகை அவிழ்த்தபோது நான் உள்ளே சோறு காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"ஆச்சி, வெளியில வாங்க, கல்லு வைக்கணும்."

"நீ வெளியில நிண்டு வை மனே. நான் உள்ளுக்கு இருக்கன்."

சுவர் என் கழுத்துக்கு வரும்வரை அதற்கு மேலாலேயே அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.