ஊசி அக்கா போட்ட முடிச்சு

என் அண்ணி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்கள், பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் இவர் முன்னால்தான் வரிசை கட்டுவார்கள். இடது கைக்காரர். ஊசி ஏறி இறங்கிய பிறகும், "இன்னும் குத்தலையா?" என்று கேட்பவர்கள் உண்டு.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கழுத்தில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவார். அங்கே முப்பத்தொரு சாரணப் பிள்ளைகளுக்கு அவர் ஊசி அக்கா. வயது நாற்பத்தாறு. அத்தையாகப் பதவி உயர்வு இன்னும் வரவில்லை.

அந்த வேலைக்கு அவர் விண்ணப்பித்ததே கிடையாது. பதினான்கு வருடங்களுக்கு முன் மகனைக் கொண்டுபோய் விட்டபோது, அன்றைய சாரணப் படைத்தலைவர், "ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்கோங்கம்மா" என்று விசிலைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. மகன் மீசை முளைத்து, வேலையும் கிடைத்து, வெளியூர் போய்விட்டான். அண்ணி அந்த ஐந்து நிமிடத்தை இன்னும் முடிக்கவில்லை.

மூன்று வருடம் கால்போன போக்கில் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய மறுநாளே, வேன் சாவி என் மடியில் வந்து விழுந்தது.

"ஊர்சுத்தி, சும்மாதான உக்காந்திருக்க? கழியெல்லாம் வண்டில ஏத்து."

"அண்ணி, நான் இன்னும் பெட்டியக்கூடப் பிரிக்கல."

"நல்லதாப் போச்சு. பிரிச்சுட்டுப் படுத்தா உன்ன யாரு எழுப்புறது?"

படைக்கு வேன் தந்தவர் பேக்கரிக்காரர். கயிறு டயர் கடைக்காரருடையது. இரண்டு பேருடைய பிள்ளைகளும் படையில் இருந்தார்கள். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிற மனிதர்கள். ஆனால் அண்ணி கேட்டதெல்லாம் பொருளைவிடக் கஷ்டமான ஒன்று: மைதானத்துக்குள் வந்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், கட்டியவர்தான் திருத்த வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பிள்ளை தப்பாக முடிச்சுப் போட்டால் அது அவிழ்ந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். தொடக் கூடாது. டயர் கடைக்காரரால் அது முடியவே முடியாது. இரண்டு முறை கயிற்றில் கை வைத்துப் பிடிபட்டதும், சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டார் அண்ணி.

"மேடம், முதுகுக்குப் பின்னாடி சரியாத்தான் கட்டுறாங்களா?"

"சரியாக் கட்டலைன்னா சத்தம் கேக்கும். திரும்பாதீங்க."

நான் வந்த மூன்றாவது சனிக்கிழமை மேலிடத்திலிருந்து சோதனைக்கு அதிகாரி வந்தார். பிள்ளைகள் கழிகளையும் கயிற்றையும் மட்டும் வைத்து, ஆணியே இல்லாமல், நான்கு மணிக்குள் ஒரு மேசை கட்ட வேண்டும். நிறையத் தண்ணீர் ஊற்றிய வாளியை அது பத்து நிமிடம் தாங்க வேண்டும். போன வருடம் அது மூன்றாவது நிமிடத்தில் குப்புற விழுந்திருந்தது. இந்த வருடமும் விழுந்தால் படையைக் கலைத்து, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இன்னொரு படையோடு சேர்த்துவிடுவார்கள். பாதிப் பிள்ளைகளை வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார்கள். அண்ணி அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தார். அண்ணன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

மூன்றே முக்காலுக்கு மேசை நின்றது. ஒரு காலில் மட்டும் கட்டு லொடலொடத்தது. பிள்ளைகள் வாளியோடு பின்பக்கக் குழாய்க்கு ஓடினார்கள். அதிகாரி வராந்தாவில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணி இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டென்று குனிந்து, அந்தக் கட்டை அவிழ்த்து, நான்கு சுற்றுச் சுற்றி, இழுத்து முடிந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நிமிர்ந்தபோது நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"வாயத் திறந்த, அவ்வளவுதான்" என்றார் உதட்டை அசைக்காமல்.

வாளியும் வந்தது, அதிகாரியும் வந்தார். அணித்தலைவி பன்னிரண்டு வயதுக் கண்ணாடிக்காரி. மேசையைச் சுற்றி வந்தவள் அந்தக் காலருகே நின்றாள். விரலால் கயிற்றைத் தடவினாள்.

"இது நாங்க கட்டினது இல்ல. எல்லாம் இந்தப் பக்கமாச் சுத்தியிருக்கு, இது மட்டும் எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்கு."

கூட இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணியின் இடது கையைப் பார்த்தார்கள். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் கட்டினேன்" என்றார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். கண்ணாடிக்காரி அவரிடம், "சார், இன்னும் நேரம் இருக்கா?" என்றாள்.

"ஒம்பது நிமிஷம்."

"அப்ப இத அவிழ்த்துட்டு நாங்களே கட்டுறோம்." பிறகு அண்ணியிடம் திரும்பி, "அக்கா, கட்டினவங்கதான் அவிழ்க்கணும். சீக்கிரம்."

அண்ணி மண்டியிட்டுத் தன் முடிச்சை அவிழ்த்தார். பிள்ளைகள் கயிற்றை வாங்கிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டே கட்டினார்கள். "இறுக்குடா!" "இறுக்கிட்டுத்தான் இருக்கேன், உன் கால எடு!" நான்கு மணி அடிக்கும்போது மேசை ஒருக்களித்து, யாரையோ ஒட்டுக்கேட்பதுபோல நின்றது. வாளி ஏறியது. தண்ணீர் ஒரு ஓரமாகத் தளும்பிச் சொட்டியது. பத்து நிமிடமும் யாரும் மூச்சுவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மேசை விழவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். "பசங்க பாஸ். பெரியவங்க தலையிட்டா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க ஃபெயில், மேடம். புதுசா சேர்றவங்களுக்கான ஒருநாள் வகுப்புக்கு நீங்களும் போகணும்."

"சார், அந்த வகுப்ப ஆறு வருஷமா நான்தான் எடுக்கறேன்."

"இந்த வாட்டி வேற யாராவது எடுப்பாங்க. நீங்க உக்காருங்க."

அதிகாரி போனதும் கண்ணாடிக்காரி தயங்கித் தயங்கி வந்தாள். "கோவமா அக்கா?"

"கோவம்தான். உன் மேல இல்ல. போ, வாளியக் கழுவி வை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியை வகுப்பில் விட்டுவிட்டு, நானும் பின்பெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். புதிதாக வந்த பத்துப் பேரும் எழுந்து ஏன் வந்தோம் என்று சொன்னார்கள். பையன் சொன்னான், மகள் அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர் இழுத்து வந்தார் என்று ஆளுக்கொரு காரணம். கடைசியாக அண்ணி எழுந்தார்.

"நான் பிள்ளைங்களோட முடிச்ச அவிழ்த்து, என் முடிச்சப் போட்டுட்டேன்."

"தெரியாமப் போட்டுட்டீங்களா?" என்றார் வகுப்பு எடுத்தவர், ஆறுதலாக.

"இல்லைங்க. நல்லாத் தெரிஞ்சேதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணி நோட்டைத் திறந்து தேதியை எழுதினார்.