அஞ்சு இஞ்ச், அஞ்சு நூல் கம்மி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத உட்காருவது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவலாம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு ராடு அறுக்கும் பட்டறை. ஜாப் கார்டில் இருக்கும் அளவை நான் படிப்பேன். பேண்ட்சா மெஷினில் நிற்கும் டேவிட் அண்ணன் கேட்டு அறுப்பார். பழைய மில் வேலையெல்லாம் இஞ்ச் கணக்கு. இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல்.

டேவிட் அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. 'நாலு இஞ்ச்' என்றதும் கை ஓடிவிடும். 'மூணு நூல்' என்று முடிப்பதற்குள் பிளேடு இறங்கியிருக்கும். கத்திச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் அந்த அளவையே 'அஞ்சு இஞ்ச், அஞ்சு நூல் கம்மி' என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் அவசரப்பட்டாலும் துண்டு நீளமாகத்தான் வரும், மறுபடி அறுக்கலாம். குட்டையானால் ஸ்கிராப்தான். எல்லா அளவையும் இப்படியே பெரிதாகத் தொடங்கிக் குறைத்துச் சொன்னேன். இரண்டு வருடம் அவருக்குத் தெரியவே இல்லை.

அப்போது புது என்ஜினியர் வந்தார். மறுநாளோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். பக்கத்தில் நின்று கேட்டார்.

"இன்னாம்மா, கார்டுல நாலு இஞ்ச் மூணு நூலுன்னு கீது. நீ இன்னாமோ பேரம் பேசற மாதிரி கொறச்சிக்கினு வர்றே? இருக்கறத அப்டியே படி."

அன்று இருந்தது ஒரே ராடு. இரண்டு துண்டுதான் வரும். ஒன்று மில்லில் உடனே மாட்ட, ஒன்று ஸ்பேருக்கு. வண்டி வாசலில் நின்றது.

"அண்ணா, முழுசா கேட்டுட்டு அறு" என்று சொல்லிவிட்டுப் படித்தேன். "நாலு இஞ்ச், மூணு நூல்."

அதிசயமாக முழுதும் கேட்டார். அறுத்தார். அளந்தால் மூன்று இஞ்ச் ஐந்து நூல்.

"இன்னாண்ணா, நாலுலேர்ந்து மூணு நூல கொறச்சிட்டியே! நான் கம்மின்னு சொல்லவே இல்லியே!"

"ரெண்டு வருசமா அப்டித்தானம்மா முடிப்பே? நூலுன்னதும் கை தானா கொறச்சிடுச்சி. அவசரப்பட்டா திட்டு, முழுசா கேட்டா இந்த கதி!"

என்ஜினியர் முகம் சிவந்தது. "யாரு தப்பு இது?"

வேறு வழியில்லாமல் என் தந்திரத்தைச் சொன்னேன்.

"அடிப்பாவி! அப்போ இத்தினி நாளா என்ன அவசரக்காரன்னு நெனச்சிக்கினு இருந்தியா?"

"நெனைக்கலண்ணா. தெரியும்."

என்ஜினியர் சிரிப்பை அடக்க ராடைக் குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு துண்டுதான் தேறும். உன் வழியிலயே சொல்லும்மா."

"அஞ்சு இஞ்ச், அஞ்சு நூல் கம்மி."

"அவ்ளோதானா? இன்னும் எதனா பாக்கி கீதா?" மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் டேவிட் அண்ணன் சுவிட்சைத் தொட்டார். அளவு சரியாக வந்தது. ஸ்பேர் இல்லாமல் வண்டி போனது.

நான் கற்றது இதுதான். எண்ணும் சொல்லும் தலைக்குள் தனித்தனியாக உட்காருவதில்லை. வழக்கமாக அடுத்து வருவதையும் தலை தானே சேர்த்துக்கொள்ளும். சொல்லும் விதத்தை மாற்றினால், அளவைச் சொல்வதற்கு முன்னால் மாற்றியதைச் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் என்ஜினியர் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஒரு வருடம் கேட்டிருந்தேன்.