பச்சை பூசிய கம்ப்ரசர்

பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு வருவதெல்லாம் துருப்பிடித்த இரும்புதான். வீட்டு கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் பாகங்கள். கம்ப்ரசரில் அடைத்த காற்றோடு கறுப்புத் துகளைக் கலந்து பீய்ச்சினால் துருவும் பழைய பெயின்டும் உரிந்து இரும்பு பளிச்சென்று வெளியே வரும். ஹோஸைப் பிடிப்பது நான். பேரமும் வண்டி பிடிப்பதும் என் வீட்டுக்காரர்.

எங்களிடம் இருந்த பழைய கம்ப்ரசர் டயருக்குக் காற்றடிக்கத்தான் லாயக்கு. இரண்டு நிமிடம் அடித்தால் அதற்கு மூச்சு வாங்கும். "காத்து ஏறட்டும்ட்டி" என்பார் அவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயால் நான் அதிகம் கேட்ட பேச்சு அதுதான். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஒரு கேட்டை முடிக்க ஒரு பகல் போய்விடும்.

அப்போதுதான் மேலப்பாளையத்தில் பழைய மிஷின் விற்கும் பாயிடம் பெரிய டீசல் கம்ப்ரசர் ஒன்று வந்தது. கல்குவாரியில் உழைத்தது, சக்கரம் வைத்தது. பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் எங்களிடம் இருந்த சின்னதை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா வரைக்கும் பொறுக்கேன் தங்கச்சி. அதுக்கு மேல நாகர்கோவில் பார்ட்டிக்குக் கொடுத்திருவேன்" என்றார் பாய்.

சின்னதைப் பார்க்க ஆழ்வார்திருநகரியில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வெள்ளிக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார். பெண் பார்க்க வருகிற மாதிரிதானே, அலங்காரம் பண்ணாமல் விடுவோமா? மிச்சம் கிடந்த இலைப்பச்சை பெயின்டை முந்தின நாளே மிஷின் முழுக்க அடித்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பச்சை அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. எதை மறைக்கதுக்கும்மா இவ்வளவு பெயின்ட்?"

எனக்குச் சுருக்கென்றது. பழைய கம்ப்ரசர் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது காற்று நிற்கும் டேங்கைத்தான். வெடிப்பை ஒட்டுப் போட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதன் மேல்தான் நான் அழகாகப் பூசி வைத்திருந்தேன். அண்ணாச்சி தன் குட்டியானை லோடு வண்டியை நோக்கி நடந்தார். என்னைப் போய்க் கள்ளி என்று நினைத்துவிட்டாரே! கோபம் உச்சிக்கு ஏறியது.

பெரிய மிஷினை ஓட்டிக் காட்டுவதற்காக, ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு பாயும் அந்நேரம் வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, நில்லுங்க! பெயின்ட் உரிக்கதுதான் எங்க தொழிலே" என்றேன்.

சின்னதிலிருந்த காற்றைத் திறந்துவிட்டு, அதன் மோட்டாரைச் சாக்கால் மூடிக் கட்டினோம். என் ஹோஸைப் பாயின் மிஷினில் மாட்டினோம். முகமூடியைப் போட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். பச்சை போயிற்று. அடியில் இருந்த நீலமும் போயிற்று. இரண்டு நிமிடம் ஆனதும் பழக்கத்தில் என் கை தயங்கியது. காற்று தயங்கவில்லை. டேங்க் முழுக்க வெறும் இரும்பாக நின்றது. அண்ணாச்சி குனிந்து, டார்ச் அடித்து, வெல்டிங் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தார். ஒட்டு ஒன்றும் இல்லை.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. பக்கத்தில் சாத்தி வைத்திருந்த ஒரு கேட்டின் பக்கம் ஹோஸைத் திருப்பினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் துரு உதிர்ந்தது. முகமூடிக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

கேட் முடிந்து முகமூடியைக் கழற்றினால், சின்ன மிஷின் குட்டியானையில் ஏறியிருந்தது. பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிட்டு" என்றார் வீட்டுக்காரர்.

"எது?"

"ரெண்டும்தான். அண்ணாச்சி ஓட்டிப் பார்த்து எடுத்துக்கிட்டாவ. இது இனி நம்ம மிஷின். எத்தனை தடவை கூப்பிட்டேன், திரும்பினியாட்டி நீ?"

"சரி, நிக்காதீங்க. அடுத்த கேட்டைத் தூக்கி வையுங்க" என்றேன்.