பேனரில் யார் உபயம்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் 'உபயம்' என்பதை மட்டும் ஓடுகிற பஸ்ஸில் இருந்தே படித்துவிடுவேன். எங்கள் அம்மன் கோயிலில் மணி, ஃபேன், டியூப் லைட்டு எல்லாவற்றிலும் அதுதான். டியூப் லைட்டில் கொடுத்தவர் பேரைப் பட்டையாக எழுதி, வெளிச்சம் வரவே வழியில்லாமல் செய்திருப்பார்கள். இருட்டில் இருந்தாலும் கொடுத்தவர் யாரென்று அம்மனுக்குத் தெரிய வேண்டுமே.

அந்த உபயத்தைத்தான் ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பேனரில் பார்த்தேன். பக்கத்தில் எங்கள் வார்டு மெம்பர் பேர். மேலே கல்யாண மாப்பிள்ளை மாதிரி அவன் படம். நடுவில் இருந்ததை நிதானமாகக் கூட்டினேன்: இன்டர்நெட்டில் இலவச மெஷின் டிராயிங் பாடம்.

அந்தப் பாடத்தை எழுதியவள் என் மாடி அறையில் குடியிருந்த திருநெல்வேலிப் பெண். கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. லீவு நாளில் மற்றப் பெண்கள் துணி துவைப்பார்கள். இவள் கம்ப்யூட்டரில் கோடு போடுவாள். யாரும் படிக்கலாம், யாருக்கும் சொல்லலாம், எழுதியது யாரென்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று அதிலேயே போட்டிருந்தாளாம்.

விஷயத்தைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு பேரு படிச்சா நல்லதுதான் ஆச்சி. ஆனா வாலாஜாபாத்துல டிரெயினிங் சென்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்லா, அதுல இந்தப் பாடத்தத்தான் காட்டியிருக்கேன். அவுக இந்த வழியாத்தான் போவாக. பேனரப் பாத்தா, அடுத்தவன் சரக்க என்னோடதுன்னு சொல்லுதேன்னு நெனப்பாகளே."

நேரே மெம்பர் வீட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, அந்தப் பாடம் நீ எழுதுனியா?"

"இன்னா ஆயா, நெட்டுல சும்மா கீது. ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னேன். தப்பா?"

"சொல்லு, ஊரெல்லாம் சொல்லு. ஆடி மாசம் கூழு ஊத்தறாங்கன்னு மைக்குல கூவுறவன், கூழு என்னுதுன்னா கூவுறான்? ஊத்தறவ பேரைத்தானே சொல்றான்."

"பேரு போட எடம் இல்லியே ஆயா."

"உன் மூஞ்சி அம்மாம் பெருசா கீதே, அது எடம் இல்லியா?"

உள்ளே அவன் பெண்டாட்டி சிரித்தது கேட்டது. அதோடு இறங்கி வந்தான். இறங்கியவன் ஒரேயடியாக இறங்கி, அந்தத் திருநெல்வேலிப் பெண்ணின் படத்தையும் தன் படத்துக்குப் பக்கத்தில் போடுகிறேன் என்றான். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பேரு மட்டும் போதும் ஆச்சி. நாளைக்கு அந்த ஸ்டாப்புல நான் நிக்க வேண்டாமா?"

உபயத்தை மறைத்து, 'எழுதியவர்' என்று அவள் பேரோடு ஒரு ஸ்டிக்கர் அவன் வெள்ளைச் சட்டையின் மேல் ஏறியது. நன்றாகவே தெரிந்தது.

இன்டர்வியூவில், "பேனர்ல இருக்கறது உங்க பேரா?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாளாம். போர்டில் ஒன்று வரைந்து காட்டச் சொன்னார்கள், வரைந்தாள், வேலை கிடைத்தது.

மெம்பர் அதற்கும் வாழ்த்துப் பேனர் வைத்தான். இந்தத் தடவை முதலில் அவளிடம் வந்து கேட்டுக்கொண்டான். தன் முகத்தின் அளவை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.