பெயர் சொல்லாத ஜெபம்

கொச்சி மட்டாஞ்சேரியில் இஞ்சி தரம் பிரிக்கும் கிடங்கில் எனக்கு வேலை. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியே என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் தமிழ்ச் சபையில் கவுன்சலிங் கொடுக்கும் அக்காவிடம் போனேன். முறையாகப் படித்தவர், இங்கேயே பிறந்து வளர்ந்ததால் மலையாளம் கலந்து பேசுபவர். "இங்க பேசுறது இந்த ரூமை விட்டு வெளிய போகாது மோளே" என்றார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "இது பாவம் இல்ல, அலுப்பு" என்றார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஜெபக் கூட்டத்தில் அவரே எழுந்து, "மாமியார் இறந்ததுல நிம்மதிப்பட்டுட்டு, இப்போ குற்ற உணர்ச்சியில தவிக்கிற ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்" என்றார். எங்கள் சின்னச் சபையில் சமீபத்தில் மாமியாரை இழந்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் கணவர் மட்டும் மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"உன் பேரை நான் சொல்லவே இல்லையே மோளே. ஜெபிக்கத்தானே சொன்னேன்?"

அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் மருந்து ஒழுங்கா குடுத்தியா?"

இப்போதும் கூட்டத்துக்குப் போகிறேன். யாருக்கு என்ன ஜெபம் வேண்டும் என்று கேட்டால், முழங்கால் வலி என்கிறேன். எல்லோரும் மனமுருகி ஜெபிக்கிறார்கள்.