பஞ்சர் ஆகாத டயர்

வாழைக்குலை ஏற்றும் எங்கள் பிக்கப்பை வாடகைக்கும் ஓட்டலாம் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தது நான்தான். குலை வெட்டாத நாட்களில் வண்டி சும்மாதானே கிடக்கிறது. அவர் ஓட்டுவார், போனை நான் எடுப்பேன். அந்த வேலையில் நான் முதலில் தேறியது பொய்யில்தான். வண்டி பக்கத்திலிருக்கும் கல்லாறு தாண்டாதபோதே, "நெடுமங்காடு கடந்தாச்சு கேட்டோ" என்று கூசாமல் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமைக்கு, நகரத்து வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து ஒரு பெண் வண்டி கேட்டாள். வாடகை வீடு மாறுகிறார்கள். ராகுகாலத்துக்கு முன் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். அடுப்பும் சிலிண்டரும் எங்கள் வண்டியில்தான் போக வேண்டும். சரி என்றேன். அதே காலையில் பக்கத்துத் தோட்டத்து மரச்சீனிக் கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒப்புக்கொண்டிருந்தேன். பேராசைதான், வேறென்ன.

கிழங்கு இறக்கி முடிவதற்குள் அவள் அழைத்துவிட்டாள்.

"சாமானெல்லாம் தெருவில வெச்சுண்டு நிக்கறோம். நேரமாகும்னா சொல்லிடுங்கோ, வேற வண்டி பாத்துக்கறோம்."

வந்த வாடகையை விட எனக்கு மனம் வரவில்லை. "வழியில டயர் பஞ்சர் மாமி. மாத்திட்டிருக்காரு."

"ஐயோ பாவம். மெதுவா வரட்டும்."

உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வண்டி பிடித்து நேரத்துக்குப் போயிருப்பாள்.

புது வீட்டுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது. அது கழியும்வரை குடும்பமே வாசலில் உட்கார்ந்திருந்ததாம். பால் காய்ச்சாமல் எதுவும் வாயில் வைக்கக் கூடாதென்று பிள்ளைகளும் பட்டினி. சாமானை உள்ளே இறக்க வேண்டுமே என்று இவரும் காத்திருந்தார்.

திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பால் பொங்கினதும் மொத டம்ளர எனக்குத் தந்தாங்க. பிள்ளையளுக்குப் பெறவுதான். வெயில்ல டயர் மாத்திக் களைச்சிருப்பேன்னு சொன்னாங்க. எந்த டயரு?"

நான் கூனிக்குறுகிப் போனேன்.

மறுநாள் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று அவளை அழைத்தேன். நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"மத்த வண்டிக்காராளெல்லாம் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லுவா. நீங்க பஞ்சர்னு மறைக்காம சொன்னேள். எங்க அக்காவும் அடுத்த மாசம் வீடு மாத்தறா. உங்க வண்டிதான்னு சொல்லிட்டேன்."

"சரி மாமி," என்றேன். "எந்தத் தேதிக்கு?"